டிசம்பரில் பரீட்சை இருக்கிறது

ஆகஸ்ட் 5, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து பதிவு எண் வந்துவிட்டது. பி.ஏ. சமூகவியல், இணையவழி, மூன்று வருஷம். வரவேற்புக் காணொளியில் பேசிய ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர்கள் படிப்பைப் பற்றித் தினம் நாலு வரியாவது எழுதி வையுங்கள், எங்கே தடுமாறினோம் என்று பிறகு தெரியும் என்றார். அதற்காகத்தான் இது. படிப்பைத் தவிர வேறு எதையும் இதில் எழுதுவதாக இல்லை.

என்னைப் பற்றி ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பெயர் ஆவுடையம்மாள். வீட்டில் ஆவுடை. வயது இருபத்தேழு. ஊர் சங்கரன்கோவில். நானும் அம்மாவும் இருக்கிறோம், அப்பா இல்லை. பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கும்போது சிறுநீரகம் கெட்டுப்போனது. கல்லூரியும் அதோடு நின்றது. கொஞ்ச காலம் மாத்திரையில் ஓடியது. இப்போது மூன்று வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். அண்ணன் சண்முகவேலும் மதினி இந்துமதியும் அவர்கள் பாப்பாவும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். அண்ணனுக்குத் திருநெல்வேலிப் பக்கம் மின்கம்பம் ஏறுகிற வேலை, ஒப்பந்தத்தில். என் விண்ணப்பத்தை நிரப்பியதும் இந்த டேப்லெட்டை வாங்கித் தந்ததும் அவன்தான். சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்காதே என்றான்.

கடவுச்சொல் இரண்டு தடவை தப்பாகிப் பூட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை திறந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மெஷினில் படுத்தபடியே முதல் பாடம் பார்த்தேன். இடது கையில் ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக்கூடாது. வலது கையில் டேப்பைப் பிடித்தால் கால் மணி நேரத்தில் விட்டுப்போகிறது. டெக்னீஷியன் ஸ்டீபன் பார்த்துவிட்டு, பேண்டேஜ் துணியால் டேப்பை டிரிப் ஸ்டாண்டில் கட்டிக் கொடுத்தார்.

பக்கத்துப் படுக்கை செல்வராணி அக்கா. பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். என்ன படிப்பு, எத்தனை வருஷம் என்று கேட்டாள். மூன்று வருஷம் என்றேன். அவள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, சத்தத்தைக் கூட்டி வை, நானும் கேட்கிறேன் என்றாள். பாதிப் பாடத்தில் தூங்கிவிட்டாள்.

சமூகவியல் என்றால் என்ன என்பது பாடம். குறிப்பு எடுக்கவில்லை. கை இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணனுடைய பரிசோதனை முடிவு வந்தது. பொருந்துகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் அவளை முதலிலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணனுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதாம். நவம்பரில் அறுவை சிகிச்சை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அம்மா கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். அண்ணன் என் தலையில் குட்டி, இனிமேல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொள் என்றான். நானும் நிறையச் சிரித்தேன். மதினி கேசரித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பாப்பாவுக்குத் தூக்கம் வருகிறது என்று முன்னாலேயே போய்விட்டாள்.

படிப்பு: மாணவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் பக்கத்தில் எழுத வேண்டும். மற்றவர்கள் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள். வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள், கனவு. நான், "சங்கரன்கோவில். புத்தகம் வாசிக்கப் பிடிக்கும்" என்று போட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மதினி தனியாக வந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். காபி வேண்டாம் என்றாள். நான் தடுக்கத் தடுக்கத் தொட்டியில் கிடந்த பாத்திரங்களை எல்லாம் துலக்கினாள். என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் துலக்கினாள், பேசினாள். அம்மா வருவதற்குள் போய்விட்டாள்.

என்ன பேசினோம் என்பது படிப்பு சம்பந்தப்பட்டது இல்லை.

இரண்டாம் வாரப் பாடம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

பல்கலைக்கழகத்தின் நாள்காட்டியைத் திறந்து பார்த்தேன். டிசம்பர் ஒன்பதாம் தேதி பருவத் தேர்வு. வேறு ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

முதல் நேரலை வகுப்பு. காலை பதினொரு மணி, மெஷினில் இருக்கும் நேரம். ஹெலன் மேடம் எடுக்கிறார். கணீரென்ற குரல். எல்லாரும் கேமராவைப் போடுங்கள், முகம் தெரியாமல் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் டேப்பை நிமிர்த்திவிட்டேன். என் கட்டத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மேடம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

கடைசி ஒரு மணி நேரம் காலில் குரக்குவலி. ஸ்டீபன் பாதத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "குடும்பம் என்பது ஓர் அலகு" என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நவம்பரில் வேண்டாம், டிசம்பரில் பரீட்சை இருக்கிறது என்றேன். ஆபரேஷன் முடிந்தால் மாதக்கணக்கில் யாரையும் பார்க்காமல் அறைக்குள் கிடக்க வேண்டும், அதற்குள் ஒரு பருவம் போய்விடும், ஒரு தடவை படிப்பை விட்டது போதும் என்றேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிப் பார்த்து வைத்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது.

அண்ணன் முதலில் சிரித்தான். கேலி செய்கிறேன் என்று நினைத்தான். அப்புறம் ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம் என்றான். ஜனவரியில் இரண்டாம் பருவம் தொடங்கிவிடும் என்றேன். அவன் சிரிப்பு நின்றது.

"மூணு வருசத்துக்கும் இப்படியேவாட்டி சொல்லப்போற?"

ஆமாம் என்றேன். டயாலிசிஸ் எனக்குப் பழகிவிட்டது, இப்படியே நன்றாகத்தான் இருக்கிறேன், பத்து வருஷம் இருபது வருஷம் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அம்மா அடுக்களையிலிருந்து வந்து என்னையே பார்த்தாள். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்றாள். அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாம் வாரப் பாடம் முழுக்கப் பார்த்தேன். கேள்விகளுக்கும் பதில் எழுதினேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். என் சம்மதம் இல்லாமல் யாரும் எதுவும் செய்ய முடியாது, அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்றார். பிறகு, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தண்ணீர் அதிகம் குடித்திருக்கிறாய், எடை ஏறியிருக்கிறது என்றார். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

அம்மா பேசுவதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகிறாள். காய்கறியை வேகவைத்து வடித்து உப்பில்லாமல் செய்வதில் ஒரு குறையும் வைப்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒன்று புரிகிறது. சொன்ன பிறகு படிக்காமல் இருக்க முடியாது. ஒருநாள் டேப்பை மூடி வைத்தாலும் அம்மா கவனிக்கிறாள். ஆகவே படிக்கிறேன். வாந்தி வருகிற நாளிலும் படிக்கிறேன். கண் வரியில் இருக்கிறது, மனசில் ஒன்றும் ஏறவில்லை. பக்கத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

அண்ணன் போன வாரமும் வரவில்லை, இன்றும் வரவில்லை. வழக்கமாக டயாலிசிஸ் முடிந்து பஸ் ஏற்றிவிட வருவான். வேலை அதிகமாக இருக்கும். காற்றுக் காலம், கம்பி அறுந்து விழுகிற காலம்.

செல்வராணி அக்காவின் பள்ளிக்கூடம் படிக்கிற மகள் வந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

செப்டம்பர் 21, சனி

முதல் வினாடி வினா. தேறவில்லை. இன்னொரு தடவை எழுத அனுமதி உண்டாம். திரையில் சிவப்பாக வந்ததை அம்மா பார்த்துவிடக்கூடாது என்று டேப்பைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் சத்தம் கேட்டால் தாகம் இன்னும் கூடுகிறது. ஆனாலும் வேறு எங்கே போய் நிற்பது.

செப்டம்பர் 29, ஞாயிறு

இந்த வாரம் கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு: உங்கள் குடும்பத்தில் ஒரு முக்கியமான முடிவு எப்படி எடுக்கப்பட்டது? ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

மாமா வீடு கட்டிய கதையை எழுதினேன். எல்லாரும் கூடிப் பேசினார்கள், பெரியவர்கள் சொன்னார்கள், சிறியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பாடத்தில் இருந்த சொற்களை எல்லாம் பொருத்தினேன். அனுப்பியாயிற்று.

அக்டோபர் 4, வெள்ளி

கட்டுரை திரும்பி வந்தது. பாதி மதிப்பெண். கீழே ஹெலன் மேடம் எழுதியிருக்கிறார்: "அழகாக இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகம் பேசுகிறது. நிஜத்தில் யார் முடிவெடுத்தார்கள்? யார் வாய் திறக்கவில்லை?"

செல்வராணி அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். ஒங்க டீச்சருக்கு நாக்கு நீளம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அண்ணன் தருகிறேன் என்று சொல்லியும் நீ வேண்டாம் என்கிறாயாமே, ஸ்டீபன் சொன்னான் என்றாள். எனக்கு அப்படி யாரும் தருவதற்கு இல்லை என்று மட்டும் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 11, வெள்ளி

செல்வராணி அக்கா வரவில்லை. பூஜை நாள், கடையில் கூட்டமாக இருக்கும்.

அக்டோபர் 15, செவ்வாய்

சனிக்கிழமையே போய்விட்டாளாம். கடையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள் என்று ஸ்டீபன் சொன்னார். படுக்கை விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

ஆறாம் பாடம்.

அக்டோபர் 18, வெள்ளி

வகுப்பில் ஹெலன் மேடம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். மைக்கைப் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டுக் குடும்பம் என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. பிறகு காதில் இரைச்சல், கண்ணுக்குள் வெள்ளை. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். ஸ்டீபன் கத்தியதும், காலைத் தூக்கி வைத்ததும், நர்ஸ் என் கன்னத்தில் தட்டி ஆவுடை ஆவுடை என்றதும் எல்லாம் மைக் வழியாக வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கிறது.

கண் திறந்தபோது திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் எல்லா முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஸ்டீபன் டேப்பை அணைத்தார்.

அக்டோபர் 19, சனி

ஹெலன் மேடம் போனில் பேசினார். நேற்றே கூப்பிட்டிருக்கிறார், என் போன் அணைந்து கிடந்தது. உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

மருத்துவக் காரணம் இருந்தால் ஒரு பருவத்தையோ இரண்டு பருவத்தையோ தள்ளிப்போடலாம், இடம் அப்படியே இருக்கும், படித்தது எதுவும் வீணாகாது என்றார். நல்ல செய்தி சொல்கிறவர் குரலில்தான் சொன்னார். நான் அதை எழுத்தில் எதுவும் அனுப்ப வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அவருக்குப் புரியவில்லை. "உங்க போன் எடுக்கலன்னதும் விண்ணப்பத்துல இருந்த இன்னொரு நம்பருக்குப் பேசினேன்மா. உங்க அண்ணன்தான் எடுத்தார். அவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனே" என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

அண்ணன் வார்டுக்கு வந்தான். உள்ளே விடமாட்டார்கள். ஸ்டீபனிடம் என்ன சொன்னானோ, விட்டுவிட்டார். செல்வராணி அக்காவின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தான். இன்னும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை.

பரீட்சை ஒரு காரணமே இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது, பின் என்ன காரணம் என்று கேட்டான். தள்ளிப்போடலாம் என்பது எனக்குத் தெரியாது என்றேன். சரி, இப்போது தெரியுமே என்றான். பயமாக இருக்கிறது என்றேன்.

"ஆடி மாசம் டாக்டர்கிட்ட எப்ப சார் செய்வீங்க, எப்ப சார் செய்வீங்கன்னு நச்சரிச்சது யாரு?"

நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் ரத்தம் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச வேண்டாம். கை கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறது, எழுந்து போகவும் முடியாது. அவன் படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"இந்து வந்து ஒங்கிட்டப் பேசுனாளா?"

இல்லை என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன், குரலில் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்தபடியே எழுந்தான். ஸ்டீபனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அக்டோபர் 24, வியாழன்

அம்மா இரண்டு மாதத்துக்குப் பிறகு பேசினாள். மதினி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு புளியங்குடிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். அண்ணன் கேட்டதும் ஆமாம், நான்தான் போய்ச் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டாளாம். தெருவே கேட்கிற மாதிரிச் சண்டை. அண்ணன் கையை ஓங்கிவிட்டானாம். அடிக்கவில்லை.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் பிள்ளை மனசு தெரியாமல் போனேனே என்றாள். நான் அசையாமல் நின்றேன்.

எது நடக்கக்கூடாது என்று இவ்வளவும் செய்தேனோ அது நடந்துவிட்டது. அவர்கள் வீடு உடைந்துவிட்டது. உடம்பில் ஓர் இடம் மிச்சமில்லாமல் வலிக்கிறது. இனிமேல் என்ன பொய் சொல்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அண்ணன் வரவில்லை. பாப்பாவுக்கு எடுத்த கவுன் பீரோவில் இருக்கிறது.

நவம்பர் 3, ஞாயிறு

புளியங்குடிக்குப் போய்விட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆனாலும் இறங்கும்போது மூச்சு வாங்கியது. கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை.

மதினியின் அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். மதினி வாசலில் எலுமிச்சம்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் மண்டிக்கு எலுமிச்சை பிரித்துக் கொடுக்கிறார்கள். என்னைத் திட்டுவாள் அல்லது அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. ஒரு பழத்தை அறுத்து என் கையில் கொடுத்து, தாகமாக இருக்கும், நாக்கில் வை என்றாள். பாப்பா வந்து என் மடியில் ஏறினாள்.

வீட்டுக்குத் திரும்பி வாருங்கள் என்றேன். அண்ணனை நான் சரிசெய்கிறேன் என்றேன். அவள் பழங்களைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கி நான் ஒங்கிட்ட என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"ஒங்க அண்ணன, அவ்வொளத் தடுக்க என்னால முடியாது, நீ வேண்டாம்னு சொன்னா கேப்பாவொன்னு சொன்னேன். ஒன்னைச் சாவுன்னு சொன்ன மாதிரிதான். எனக்குத் தெரியும் ஆவுடை. தெரிஞ்சுதான் சொன்னேன். தெனமும் கரண்டு கம்பத்துல ஏறுதாவொ. போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு நின்னுபோவுது. இதுல ஒரு கிட்னியும் இல்லன்னா, நாளைக்கு வேலைய நெரந்தரம் பண்ணும்போது ஒடம்பு சரியில்லன்னு கழிச்சு விட்டுட்டா, நான் பாப்பாவ வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

டாக்டர் ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்கிறார் என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் கிட்னி கேட்கவா வந்தேன்?

"டாக்டரு சொல்லுவாரு. வீட்டுல இருக்கது நான்லா." பழம் ஒன்று உருண்டு போனது. அதை எடுத்து வந்து கூடையில் போட்டாள். "மன்னிச்சிரு. ஆனா திரும்பக் கேட்டாலும் நான் அதத்தான் சொல்லுவேன். பொய் சொல்ல வரல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் என்னிடம் உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை வருகிறேன் என்றாள்.

நவம்பர் 10, ஞாயிறு

எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். மதினி வந்திருந்தாள், அண்ணன் அவளிடம் பேசாமல் தள்ளி உட்கார்ந்திருந்தான். அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள், எனக்கு இல்லாமல் அவர்களுக்கு.

நான் பேசினேன். இந்தத் தடவை முன்கூட்டிச் சொல்லிப் பார்க்கவில்லை.

"அண்ணே, பரீட்சைன்னு சொன்னது சாக்குதான். பொய்தான். ஆனா வேண்டாம்ங்கிறது பொய் இல்ல. மதினி வந்து கேக்கலன்னா என்ன சொல்லியிருப்பேன், எனக்கே தெரியல. கை நீட்டி வாங்கியிருப்பேனா இருக்கும். இப்ப நானாச் சொல்லுதேன். ஒங்கிட்டருந்து வேண்டாம். காத்திருக்கவங்க பட்டியல்ல பேரக் குடுக்கப்போறேன். வந்தா வாங்கிக்கிடுதேன்."

அண்ணன் கத்தினான். பட்டியல் என்றால் எத்தனை வருஷம் தெரியுமா, அதற்குள் உனக்கு ஏதாவது ஆனால் நான் எப்படி முகத்தில் முழிப்பேன் என்றான். என் உடம்பை எடுத்துக்கொடுக்க எவளைக் கேட்க வேண்டும் என்றான். மதினி தலை குனியவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவன் குரல் தேய்ந்து நின்றது. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டான். தோள் இறங்கியது. வேலை முடிந்து கம்பத்திலிருந்து இறங்கி இடுப்புப் பட்டையைக் கழற்றும்போது அப்படித்தான் மூச்சு விடுவான். சின்ன வயசிலிருந்து அவன் முகம் எனக்குத் தெரியும்.

பிறகு சாப்பிட்டான். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். மதினிதான் பரிமாறினாள்.

மழை வருகிற மாதிரி இருந்தது. துணி எடுக்க மாடிக்குப் போனேன். இன்றைக்குத் துணி ஒன்றும் காயப்போடவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பட்டியலில் பெயர் கொடுத்தாயிற்று. டாக்டர் என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தார். பழையபடி அண்ணன் பஸ் ஏற்றிவிட வந்தான். சன்னல் வழியாக வேர்க்கடலை வாங்கித் தந்தான். நான் அதைச் சாப்பிடக்கூடாது என்பதை மறந்துவிட்டான். பஸ் கிளம்பின பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தேன்.

நவம்பர் 16, சனி

படிக்கவில்லை.

நவம்பர் 20, புதன்

படிக்கவில்லை. படித்தாயா என்று யாரும் கேட்பதும் இல்லை. டேப் நாலு நாளாக மூடிக் கிடக்கிறது, அம்மா அதன் மேல் மடித்த சேலைகளை வைத்திருக்கிறாள். அவள் கவனித்துக்கொண்டிருந்ததெல்லாம் நான் படிப்பதை அல்ல, மனம் மாறுவேனா என்பதை. எல்லாருக்கும் அந்தப் படிப்பு முடிந்துவிட்டது.

இரவும் பகலும் ஒரே மாதிரி இருக்கிறது. செவ்வாய், வெள்ளி. நடுவில் தாகம். இப்படியே எத்தனை வருஷம் என்று மனம் கேட்கும்போதெல்லாம் செல்வராணி அக்கா மின்விசிறியைப் பார்த்தது கண்ணில் வருகிறது. இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

பக்கத்துப் படுக்கைக்கு ஆள் வந்துவிட்டார். கடையநல்லூர்க்காரர், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். முதல் தடவை. ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. எவ்வளவு நாளைக்கு இது என்று என்னிடம் கேட்டார். பேச்சை மாற்றுவதற்காக, எனக்கு வகுப்பு இருக்கிறது, சத்தம் தொந்தரவாக இருக்குமா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு திறக்காமல் இருக்க முடியவில்லை.

ஹெலன் மேடம் என் பெயரைப் பார்த்ததும் ஒரு வினாடி நின்று, பிறகு பாடத்தைத் தொடர்ந்தார். தற்கொலையைப் பற்றிக்கூடச் சமூகத்தை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பாடம். கடையநல்லூர்க்காரர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். காதைத் திரையோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

முடிந்த பிறகுதான் தெரிந்தது, நேரம் போனதே தெரியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

கட்டுரையைத் திருத்தி மறுபடியும் அனுப்பலாம் என்று ஒரு விதி இருக்கிறது. மாமா வீடு கட்டிய கதையை அழித்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டதை எழுதினேன். யார் வாய் திறந்தார்கள், யார் பாத்திரம் துலக்கினார்கள், யார் இரண்டு தடவை சோறு வாங்கினார்கள், எல்லாம் எழுதினேன். பெயர்களை மட்டும் மாற்றினேன். பாடத்தின் சொல் ஒன்றுகூட வரவில்லை. எத்தனை மதிப்பெண் வருமோ.

எழுதி முடித்த பிறகு அழுகை வந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்ததால் குழாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

பரீட்சை. மையம் திருநெல்வேலியில். அண்ணன் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். பஸ்ஸே போதும் என்றேன். நேற்றிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டதால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கண்காணிப்பாளர் எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் வைத்தார். என்னுடையதைக் கண்ணில் படாமல் காலடியில் தள்ளி வைத்தேன்.

ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. மற்றதற்கெல்லாம் எழுதினேன். கடைசி மணி அடித்தபோது இன்னும் எழுத இருந்தது.

டிசம்பர் 20, வெள்ளி

முடிவு இன்னும் வரவில்லை. இரண்டாம் பருவத்துக்குப் பதிய வேண்டிய நாள் வந்துவிட்டது. இன்று அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தான், மழையில் வேலை இல்லையாம். முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் டேப்பில் பதிந்துகொண்டிருந்ததை எட்டிப் பார்த்தான்.

"இன்னும் எதுக்குட்டி இது?" என்றான்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூன்று வருஷம் இருப்பேன் என்று சொல்ல முடியாது. வேலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சும்மாதான் அண்ணே என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, என் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனான்.

பதிந்துவிட்டேன். இரண்டாம் பருவத்தில் ஊரை விட்டு ஊர் போகிறவர்களைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அவர்கள் புது இடத்தில் எப்படி வாழப் பழகுகிறார்கள் என்று முதல் அத்தியாயத்தின் தலைப்பில் போட்டிருக்கிறது. அதை வாசிக்க வேண்டும் போல இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.